கிளட்ச்தான் காரணம்

கிளட்ச் கனமாகிவிட்டது என்று மாஸ்டர் அறிவித்தபோது வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். ஒருவர் அறிவித்தவர். இன்னொருவர் அவர் மனைவி. அவள் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த சட்டையை உதறினாள். அந்த “அப்படியா”வை அன்றைக்கே கொஞ்சம் உரசிப் பார்த்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது மாஸ்டரே சொல்கிறார். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்கிறார், தன்னைத் துளியும் விட்டுவைக்காமல். ஆகையால் நாமும் தயங்காமல் சிரிக்கலாம்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள். மீதிப் பாதி, அவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகியவர்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை மாஸ்டர் காரில்தான் இருப்பார். ஆனால் ஓட்ட மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. பழகுகிறவர் கிளட்சை மறக்கும்போதெல்லாம் மாஸ்டரின் இடது கால் போய் மிதிக்கும். பழகுகிறவர்கள் மறக்காத நேரம் என்று ஒன்று கிடையாது. சமையல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பசியோடு வீடு திரும்புகிற ஆளைப் போல அவர் தினமும் வீடு திரும்புவார்.

அவர் தன் கையால் ஸ்டியரிங் பிடிப்பது ஒரே ஒரு வண்டியில்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. மாஸ்டர் அதைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டதால் முறைப்படி பார்த்தால் மூத்த தாரம் அதுதான். ஆனாலும் மனைவி அதைச் ‘சின்ன வீடு’ என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை யாராவது மாஸ்டரைத் தேடி வந்தால், “அவர் சின்ன வீட்டோட வெளிய போயிருக்காரு” என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லி அனுப்புவாள். புதிதாக வந்தவர்கள் திகைத்துப்போய்த் திரும்பிப் போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்காகத்தான் மாஸ்டர் மற்ற நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டுவதைப் பொறுத்துக்கொண்டிருந்தார். ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் கூரையை மடக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று. அதுவும் போய்விட்டால் வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டுதான். இந்தப் பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. இருந்ததால்தான் கிளட்ச் கனமானது.

இடது முழங்காலைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. மாடிப்படியில் மாஸ்டர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, யோசித்து, அடுத்த படிக்குப் போவார். கேட்டால், “மெதுவா ஏறுறது இதயத்துக்கு நல்லது” என்பார். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்கு நாற்காலி பொறுப்பு.

“சத்தம் நாற்காலியில இருந்து வரலைங்க,” என்றாள் மனைவி ஒருநாள். “டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமே?”

“டாக்டர்கிட்ட போனா இனிமே வண்டியைத் தொடாதேம்பாரு. கிளட்சை மாத்தினா எல்லாம் சரியாப் போயிடும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. உடனே செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அது முந்தின நாள் பேப்பர்.

பிளேட் தேயத் தேய கிளட்ச் பெடல் கனக்கும் என்பது உண்மைதான். மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதுதான் ஆபத்தே. பாதி உண்மையைக் கையில் வைத்திருப்பவரிடம் யார் பேசி ஜெயிக்க முடியும்? தவிர, வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்கு மாஸ்டரிடம் வேறு அத்தாட்சிகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தால் சீட்டு முன்னால் நகர்ந்திருக்கும். “சீட்டு ரெயில் தேஞ்சு போச்சு. தானா வழுக்குது.” கண்ணாடி சாய்ந்திருக்கும். “ஸ்க்ரூ லூஸ்.” பெட்ரோல் குறைந்திருக்கும். “கார்புரேட்டர் குடிக்குது.” எல்லாவற்றையும் ஒரு பெருமூச்சோடு சொல்வார். தன் முழங்காலுக்கு ஒரு துளிகூடக் காட்டாத கருணையை அந்த வண்டிக்கு வாரி வழங்கினார்.

மனைவியின் தம்பி பட்டறை வைத்திருந்தான். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் வாய் ஓயாது. நட்டைக் கழற்றும்போதும் பேசுவான், மாட்டும்போதும் பேசுவான், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பேசுவான். மாஸ்டர் கிளட்ச் விஷயத்தைச் சொன்னதும் அவன் குனிந்து பெடலைக் கையாலேயே அமுக்கிப் பார்த்தான். அது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி உள்ளே போனது.

“நல்லாத்தானே இருக்கு மாமா?”

“கையால அமுக்கினா எப்படித் தெரியும்? காலால மிதிச்சுப் பாரு.”

அவன் உட்கார்ந்து மிதித்தான். “லேசா…”

“லேசாவா?”

மச்சினன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். “லேசா கனமாத்தான் இருக்கு மாமா.”

அக்கா புருஷனிடம் இதற்கு மேல் நேர்மையாக எந்த மெக்கானிக்கால் இருக்க முடியும்?

மாஸ்டர் அன்றைக்கே பழைய வண்டிகளுக்குப் பார்ட்ஸ் விற்கும் வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போன் செய்தார். வண்டிப் புத்தகத்தில் இருந்த வருஷத்தைச் சொன்னார், மாடலைச் சொன்னார். கடைக்காரர், “வண்டி ஒரிஜினல்தானே சார்? உள்ள எதுவும் மாத்தலையே?” என்று கேட்டார். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் கையில இருக்கிற வண்டிங்க,” என்றார். அந்தப் பதிலில் தகவல் எதுவும் இல்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டி வந்து சேர்ந்தது. மச்சினன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கி, என்ஜினோடு முடுக்கியிருந்த பிரஷர் பிளேட்டைக் கழற்றினான். நடுவில் இருந்த கிளட்ச் பிளேட் கையோடு வந்தது. அதைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். பேச்சு நின்றுவிட்டது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி அங்கே நிலவியிருக்காது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“காட்டு.”

காட்டினான். பிளேட்டின் இரண்டு பக்கமும் தடிப்பாக, ஒரே சீராக இருந்தது. தேய்மானம் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. மாஸ்டர் பத்திரமாக ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர். அவர் பிளேட் எப்படித் தேயும்?

“மாப்ள, பிளேட் நல்லாத்தான் இருக்கும். நான் சொன்னது பிரஷர் பிளேட்டை. ஸ்பிரிங் இறுகிப்போச்சு.”

ஸ்பிரிங் வயதானால் தளருமே தவிர இறுகாது. இது இருவருக்குமே தெரியும். மாஸ்டர் சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டு, கேள்வித்தாள் சரியில்லை என்று சொல்கிற பையனின் குரல் அது.

“அப்ப இதையே திருப்பி மாட்டிட்டு…” என்று மச்சினன் இழுத்தான்.

“வயித்தைத் திறந்துட்டு ஒண்ணும் செய்யாம மூடுவாங்களா? புதுசைப் போடு.”

புதுசு பொருந்தவில்லை. என்ஜினின் பின்பக்கம் சுழலும் ஃப்ளைவீலை விடப் புது பிளேட் அகலமாக இருந்தது. சின்னத் தட்டின் மேல் பெரிய தட்டைக் கவிழ்த்தது போல விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் மச்சினன் என்ஜின் நம்பரைத் தேய்த்துப் பார்த்தான். அது வண்டியின் வருஷத்து என்ஜினே இல்லை. மாஸ்டருக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு மகானுபாவர், அதற்கு முந்தைய மாடலின் சின்ன என்ஜினை எடுத்து உள்ளே இறக்கியிருந்தார்.

“அதான் மாமா, ஏத்தத்துல அப்படி மூச்சு வாங்குது,” என்றான் மச்சினன். “நீங்க என்ஜினுக்குக் கம்பீரம்னு சொல்லுவீங்களே.”

அந்தக் கம்பீரத்தைப் பற்றி மாஸ்டர் எத்தனை பேரிடம் விளக்கியிருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு வரிசை ஓடியது. வரிசை நீளமாக இருந்தது.

அடுத்த தடவை மச்சினன் ஒரு நல்ல யோசனை சொன்னான். “பழைய பிளேட்டையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க மாமா. கையில சாம்பிள் இருந்தா தப்பே வராது.”

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாஸ்டரால் செய்ய முடியவில்லை. அந்தப் பிளேட்டை எந்தக் கடைக்காரர் பார்த்தாலும் முதல் கேள்வி, ‘இதை ஏன் மாத்துறீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு அட்டையை எடுத்து, ஃப்ளைவீலின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, அந்த வட்ட அட்டையோடு பஸ் ஏறினார். வழி நெடுக அதை விசிறிக்கொண்டே போனார்.

இரண்டாவது செட் ஃப்ளைவீலில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் கிளட்ச் பிளேட் என்பது இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் நிற்கிற ஆள். என்ஜினுக்கும் பிடிக்க வேண்டும், கியர்பாக்ஸுக்கும் பிடிக்க வேண்டும். பிளேட்டின் நடுத் துளையில் உள்ள பற்களும் கியர்பாக்ஸ் தண்டில் உள்ள பற்களும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போனால்தான் சம்பந்தம். இங்கே போகவில்லை. திருப்பிப் பார்த்தார்கள். கிரீஸ் தடவிப் பார்த்தார்கள். மாஸ்டர் கொஞ்சம் திட்டியும் பார்த்தார். மாப்பிள்ளை வீடு அசைந்து கொடுக்கவில்லை.

“இந்த கியர்பாக்ஸ் யாருதுன்னு பார்த்துடுவோம்,” என்று மச்சினன் கம்பி பிரஷ்ஷை எடுத்து, பல வருஷத்து எண்ணெய் அழுக்கைச் சுரண்டினான். உள்ளேயிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு ஸ்பேனர் மாட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“சொல்லிட்டுச் சிரிடா.”

“மாமா… வேன் மாமா. இதே கம்பெனி சரக்கு வேன் போட்டாங்கல்ல, ரொட்டிக் கடைக்கெல்லாம் ஓடுச்சே? அந்த வேனோட கியர்பாக்ஸ்.”

மாஸ்டர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது கைக்குத் தெரியும் அந்தச் சின்னச் சொடுக்கு, ‘ரேஸ் வண்டிக்கே உரிய சொடுக்கு’ என்று அவர் டிரைவிங் ஸ்கூலில் தனி வகுப்பே எடுத்திருக்கிறார். அது ரொட்டி கொண்டுபோன சொடுக்கு. சிரிப்பு வந்துவிட்டது. அவமானத்தோடு கலந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. “இத்தனை வருஷம் நான் ஓட்டினது ரொட்டி வேன்னு உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே,” என்றார்.

“சத்தியமா சொல்ல மாட்டேன்,” என்றான் மச்சினன். சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி, “ரொட்டி வாங்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள்.

மூன்றாவது தடவை வேறு வழியில்லை. பழைய பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருவுக்கு எடுத்துப் போனார். அந்த வேன்கள் இன்னும் அங்கே பாகம் பாகமாகக் கிடந்தன. கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார்.

“சார், இது நல்லாத்தானே இருக்கு?”

“சும்மா ஒரு ஸ்பேர் இருக்கட்டுமேன்னு.”

“அப்ப ஸ்பேரை வண்டியில போட்டுட்டு, இதை எனக்குக் குடுத்துடறீங்களா? இதுக்கு ஆள் இருக்கு.”

மாஸ்டர் பிளேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரர் வேனுடைய முழு செட்டையும் எடுத்து வந்தார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது போய் அமுக்குகிற பேரிங். பழையதை மேலே வைத்துப் பார்த்தார்கள். அகலம் சேர்ந்தது. பல் சேர்ந்தது. போல்ட் துளைகளும் சேர்ந்தன. பிரஷர் பிளேட்டின் உயரம் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் தாழ்வு. அதற்குத் தோதாக அந்த பேரிங் நீளமாக இருந்தது. “வேன் டிரைவருங்க நாள் பூரா மிதிக்கிறவங்க. ஸ்பிரிங் பஞ்சு மாதிரி இருக்கும்,” என்றார் கடைக்காரர். மாஸ்டருக்கு அந்த ஒரு சொல் போதும். பஞ்சு.

மச்சினன் மாட்டினான். மாட்டும்போது, “இழுவை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும் மாமா, வேகமா எடுத்தா வழுக்கும்,” என்று எச்சரித்தான். “நான் எப்படா வேகமா எடுத்தேன்?” என்றார் மாஸ்டர். அது நியாயமான பதில். கியர்பாக்ஸ் தண்டு பிளேட்டின் துளைக்குள் ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மச்சினன் சுண்டு விரலால் பெடலை அமுக்கிக் காட்டினான்.

மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். ஏறி என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த வண்டியில் இறங்கித்தான் உட்கார வேண்டும், முழங்காலை மடக்கி. ‘டக்’ என்றது. நாற்காலி எதுவும் பக்கத்தில் இல்லை. பெடலில் கால் வைத்து மிதித்தார்.

வலி அதே இடத்தில், அதே மாதிரி, யாரோ ஆணியை வைத்துத் திருகியது போல வந்தது. பெடல் பஞ்சுதான். பஞ்சை அமுக்கவும் முழங்கால் மடங்கி நிமிர வேண்டும் அல்லவா? அதை எந்தக் கடையிலும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்ததை யார் வந்து சொல்வார்கள்?

“எப்படி மாமா?”

“அருமை,” என்றார் மாஸ்டர். கண்ணில் தண்ணீர் நின்றது. மச்சினன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான், அல்லது அப்படி நடித்தான்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். மனம் கேட்கவில்லை. பழகினால் சரியாகிவிடும், புது கிளட்ச் அல்லவா என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு ஏரிப் பக்கம் திருப்பினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் வண்டிகள் நின்றன. மாஸ்டரும் நின்றார். ஹேண்ட்பிரேக் போடவில்லை. கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியை ஏற்றத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எந்தத் தப்புக்காக அவர் மாணவர்களை வாய் வலிக்கத் திட்டுவாரோ, அதே தப்பு. வரிசை நகர்ந்தது. மாஸ்டர் கிளட்சை விடப் போனார். கால் விடவில்லை, பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டது. வண்டி தவளை போல ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி குதித்தது. மூன்றாவது தடவை மிதிக்கக் கால் எழும்பவே இல்லை.

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. பின்வண்டியிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தாள். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள் என்றால், பின்னால் நிற்பவர் பழைய மாணவியாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இவளிடம்தான் ஒருமுறை, “கிளட்சை விடுறீங்களா, கதவைச் சாத்துறீங்களா?” என்று கேட்டு அழ வைத்தது நினைவுக்கு வந்தது.

“ஐயோ மாஸ்டர், நீங்களா!” என்றாள். பிறகு மிகுந்த அக்கறையோடு குனிந்து, “பதட்டப்படாதீங்க. கிளட்சை மெதுவா… மெதுவா விடுங்க,” என்றாள்.

“கிளட்ச் புதுசும்மா. இன்னும் பழகல,” என்றார் மாஸ்டர், கடைசியாக ஒருமுறை.

நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பாலத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஹாரன்கள் ஓய்ந்தன. மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். நன்றாக இருந்த பிளேட்டைக் கழற்றிப்போட்டு, ஊரெல்லாம் அலைந்து, சம்பந்திகளைச் சேர்த்துவைத்து, கடைசியில் வண்டியில் மாற்ற வேண்டிய பாகம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கிழடுதான் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு செலவு செய்த முட்டாள் வேறு யாராவது இருப்பானா என்று தேடிப் பார்த்தார். யாரும் அகப்படவில்லை. மச்சினனைக் கூப்பிட எடுத்த போனில் மனைவியின் எண்ணை அழுத்தினார்.

“ஏம்மா, பாலத்து மேல நிக்கிறேன்.”

“வண்டிக்கு என்ன ஆச்சு?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல,” என்றார். “என்னாலதான் முடியல.”

தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் வந்து சேர்ந்தாள். “தள்ளி உக்காருங்க” என்றாள். மச்சினன் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, ஒரு குறையும் இல்லாத தன் பைக் டயரைத் தீவிரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு இந்த வண்டி ஓட்ட வராதும்மா. இது சாதாரணக் கார் மாதிரி கிடையாது.”

“ரொட்டி வேன்தானே?”

மாஸ்டர் இறங்கி மறுபக்கம் சுற்றி வந்தார். மனைவிக்கு லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் மாஸ்டர்தான் கற்றுத்தரத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே அவர் போட்ட சத்தத்தில் அவள் நடுத்தெருவில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுவாரம் எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள். அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் இன்றைக்கும் மாஸ்டரைப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்.

தன்னுடைய சொந்தக் காரில் மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அவள் உட்கார்ந்தாள். கீழே பார்க்காமலேயே கை சீட்டின் அடியில் போனது, சீட்டு ஒரே இழுப்பில் முன்னால் வந்தது. கண்ணாடியை ஒரு விரலால் சாய்த்தாள். ஏற்றத்தில் வண்டி தவளை போலக் குதிக்கப் போகிறது என்று மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டிய வசவைக்கூட வாயில் தயாராக வைத்திருந்தார். இடது கால் பழக்கதோஷத்தில் தரையை மிதித்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை. வண்டி ஹேண்ட்பிரேக்கிலிருந்து விடுபட்டு, தண்ணீரில் விட்ட படகாக நகர்ந்து மேலே ஏறியது. தயாராக இருந்த வசவு வீணாகப் போயிற்று.

பாலம் இறங்கியதும் அவள் முகத்தைச் சுளித்தாள். “முன்னாடி இருந்த கிளட்ச்தான் நல்லா இருந்துச்சு. இது என்னமோ சொதசொதன்னு இருக்கு.”

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். “முன்னாடி இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது கியர் போட்டாள். அந்தச் சின்னச் சொடுக்கு கேட்டது.

“நீங்க காலையில கிளாசுக்குப் போனதும் எடுப்பேன். ஏரி வரைக்கும் போயிட்டு வந்து, துடைச்சு நிறுத்திடுவேன்.”

“எத்தனை நாளா?”

“நாளா!” என்று சிரித்தாள். “நீங்க படியில ரெண்டு காலையும் வச்சு ஏற ஆரம்பிச்சதுல இருந்து.”

மாஸ்டர் முன்னால் நகர்ந்திருந்த அவள் சீட்டைப் பார்த்தார். “அப்ப அந்த சீட்டு ரெயில்?”

“என் கால் எட்டலைங்க.”

“கார்புரேட்டர்?”

“அது பாவம், நல்லாத்தான் இருக்கு. குடிச்சது நான்தான்.”

மாஸ்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இதுவரை பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்த பைக் சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பி மறைந்தது. “அவனுக்கும் தெரியுமா?”

“முதல் ரெண்டு தடவை அவன்தான் கூட வந்தான். அவனைத் திட்டாதீங்க. கிளட்ச் நல்லா இருக்குன்னு உங்ககிட்ட சொல்லணும்னா முழங்காலைப் பத்திப் பேசணும். அதுக்கு அவனுக்குத் தைரியம் வரல. எனக்கே வரல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா சாவியைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுத்திருப்பீங்க.” அவள் வேகத்தைக் குறைத்தாள். குரலும் கொஞ்சம் இறங்கியது. “உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஓட்ட முடியலன்னு ஆன மறுநாளே இதை வித்துட்டு, ஒரு மூலையில போய் உக்காந்துடுவீங்க. அப்படி உக்காந்தா உங்களை யாரால எழுப்ப முடியும்? அதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தராவது பழகி வச்சிருக்கணும்ல?”

இத்தனை நாள் மாஸ்டர் தன் காலை அவளிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் காலுக்காக அவர் கிளாசுக்குப் போன பிறகு வண்டி பழகிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், “இண்டிகேட்டர்” என்றார்.

“போட்டாச்சு.”

உண்மையில் போட்டிருந்தாள். ஏரிச் சாலையில் வண்டி வளைந்து திரும்பியது. மாஸ்டர் அவள் கையை, காலை, கண்ணாடியைப் பார்க்கும் பார்வையை எல்லாம் தொழில்முறையில் கவனித்தார். குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவர் அவர். ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்த்தெருக்காரன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பாவி.

“சரி,” என்றார் பெருந்தன்மையோடு. “கால் சரியாகுற வரைக்கும் நீயே ஓட்டு.”

“ம்.”

“சரியானதும் சாவி எனக்கு.”

அவள் நான்காவது கியருக்கு மாற்றினாள். மாற்றியது வண்டிக்கே தெரியவில்லை. காற்றில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ஏரியைப் பார்த்து ஒருமுறை புன்னகைத்தாள். எந்த அவசரமும் இல்லாத குரலில் சொன்னாள்: “பார்க்கலாம்.”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் ‘பார்க்கலாம்’ எந்த வகை என்று அவருக்குத் தெரியும். இந்த வண்டிச் சாவியைக் கேட்டவர்களிடமெல்லாம் அவர் இத்தனை வருஷம் சொல்லிவந்த அதே ‘பார்க்கலாம்’. அப்படிச் சொன்னபின் ஒருவருக்கும் அவர் ஒருநாளும் சாவி கொடுத்ததில்லை.

வண்டி ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் மாஸ்டர் எலும்பு டாக்டருக்குப் போன் செய்து, இன்றைக்கே பார்க்க வேண்டும், ரொம்ப அவசரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.